கலந்து வாழ்வதில்லையாம் சீனர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் குடியிருப்பாளர் கூட்டத்தில் நம்மவர் ஒருவர் எழுந்து, “சீனர்கள் இந்த நாட்டோடு கலப்பதேயில்லை, கடைப் பலகையைக்கூடத் தங்கள் மொழியில்தான் எழுதுகிறார்கள்” என்றதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தமிழ்ப் பெயர்ப்பலகைகள் நிறைந்த, கனடாவின் டொராண்டோ நகரத்து ஸ்காபரோவில், ஒரு தமிழர் வாயிலிருந்து இது வந்ததுதான் எனக்கு வலிக்கிறது.

யார் யாரோடு கலக்கவில்லை? கனேடிய பசிபிக் ரயில் பாதையைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளைக் குடைந்து போட்டவர்களில் சுமார் 15,000 பேர் சீனத் தொழிலாளர்கள். பாதை முடிந்த அதே 1885இல், இனி வரும் சீனத் தொழிலாளிக்கு 50 டொலர் தலைவரி என்றார்கள். 1903இல் அது 500 டொலராயிற்று. அதுவும் போதாதென்று 1923இல் சட்டம் போட்டு, 1947 வரை கதவையே அடைத்தார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள் தனிக்கட்டையாகவே கிழவர்களானார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல்தான். இத்தனைக்கும் பிறகு, கலக்கவில்லை என்று அவர்களையே குற்றஞ்சாட்டுவது என்ன நியாயம்?

“முப்பது வருடமாக இருந்தும் ஆங்கிலம் பேசுவதில்லையே” என்று சிலர் வருவீர்கள். என் அம்மா பத்தொன்பது வருடம் இங்கே இருந்தார். ‘தாங்க்யூ’வைத் தாண்டி அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. அவரை யாராவது கலக்காதவர் என்றீர்களா? வீட்டு விலை ஏறியதற்கும் சீனர்கள்தான் காரணம் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அம்மாவும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் வேலிக்கு மேலாகப் பாகற்காயும் நீத்துப்பூசணியும் கைமாற்றிக்கொள்வார்கள். பாட்டியின் பாகற்காய் வெளிறிய பச்சையில் வழவழப்பாக இருக்கும், எங்களுடையது முள்ளுமுள்ளாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து இருவரும் சிரிப்பார்கள். அம்மா இறந்த மறுநாள் அந்தப் பாட்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, படத்தின் முன் மூன்று முறை குனிந்து வணங்கி, ஒரு வெள்ளை உறையை என் கையில் வைத்தார். உள்ளே 101 டொலர். துக்க வீட்டுக்கு ஒற்றைப்படையில் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். ஒரு சொல் பேசவில்லை. இதைவிட எப்படிக் கலக்க வேண்டும்?

1984இல் இதே ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் சீன அங்காடித் தொகுதி திறந்தபோது, வாகன நெரிசல் என்று தொடங்கிய முறைப்பாடு கடைசியில் சீனர் வெறுப்பாகவே முடிந்தது. அதே பேச்சை இன்று நம்மவர் எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பாட்டியின் மகள் எனக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தாள். கையிலிருந்த அறிவித்தல் தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாளே தவிர நிமிரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் இரண்டு நாளாக என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.