"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்"

இந்த மாதப் பெற்றோர் கூட்டத்திலும் ஒரு தந்தை இதைச் சொன்னார். பக்கத்தில் நின்ற மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு. பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் தடைசெய்திருக்கிறது. எங்கள் பள்ளியில் பிரம்பு போய்விட்டது. "திட்டினால்தான் படிப்பார்கள், பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடும்" என்ற நம்பிக்கை மட்டும் பெற்றோரிடமும் போகவில்லை, ஆசிரியர் அறையிலும் போகவில்லை.

அதை முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. இருபது ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். திட்டிய பிறகு மதிப்பெண் ஏறியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி எவ்வளவு பொல்லாத ஏமாற்று என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

2002இல் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இளம் வயதில் இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டே கற்க உதவும் என்று அவர் சொன்னபோது ஒரு மூத்த பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். வானில் சாகசத்தை அழகாகச் செய்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான். சொதப்பியவனைக் காதில் விழும்படி கத்தினால் அடுத்த முறை நன்றாகச் செய்கிறான் என்றார். அவர் பார்த்தது உண்மை, அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு. வழக்கத்துக்கு மாறாக நன்றாக அமைந்த ஒன்றுக்கு அடுத்தது பெரும்பாலும் சற்றுக் குறைவாகத்தான் அமையும். மிக மோசமான ஒன்றுக்கு அடுத்தது சற்று மேலாக அமையும். கானமன் அங்கேயே தரையில் சுண்ணக்கட்டியால் ஓர் இலக்கை வரைந்து, எல்லோரையும் முதுகைக் காட்டி நின்று இரண்டு முறை காசு எறியச் சொன்னார். முதல் முறை இலக்கை நெருங்கியவர்கள் இரண்டாம் முறை பெரும்பாலும் விலகினார்கள், விலகியவர்கள் நெருங்கினார்கள். இடையில் யாரும் யாரையும் திட்டவில்லை.

இதை என் வகுப்பில் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 60 வாங்குபவன் ஒரு தேர்வில் 42 வாங்குகிறான். முதல் நாள் காய்ச்சலாக இருந்திருக்கலாம், படிக்காமல் விட்ட பாடத்திலிருந்தே கேள்விகள் வந்திருக்கலாம். நான் நிற்கவைத்துத் திட்டுகிறேன். அடுத்த தேர்வில் 58. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அவன் அந்தப் பக்கம்தான் வந்திருப்பான். ஆனால் பெயரை என் திட்டு தட்டிக்கொண்டு போகிறது. இப்படி ஆண்டுதோறும் அனுபவமே நமக்குத் தவறான பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருக்கிறது.

எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் என்னை "மரமண்டை" என்றார். அன்று எந்த இடத்தில் தவறு செய்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது, அவர் காட்டவில்லை. அந்தச் சொல் மட்டும் அவருடைய குரலோடு அப்படியே இருக்கிறது.

அதற்காகப் பாராட்டை அள்ளி வீசுவோர் பக்கமும் நான் இல்லை. ஒரு மாணவியை வகுப்புக்கு முன் "கணக்குப் புலி" என்று சொல்லிச் சொல்லிக் கெடுத்தவன் நான். கடினமான கணக்கு என்றால் அவள் கரும்பலகைப் பக்கமே வரமாட்டாள். புலி தடுமாறக் கூடாது அல்லவா? கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் கண்டார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்ட பிள்ளைகளைவிட, "நீ புத்திசாலி" என்று கேட்டவர்கள் எளிய புதிர்களையே அதிகம் நாடினார்கள், தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள்.

திட்டு, புகழ் இரண்டும் பிள்ளையின் மேல் முத்திரை குத்துகின்றன. கணக்கு தாளில் அப்படியே கிடக்கிறது.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன், 12 ஆண்டுகளில் 10 முறை தன் பல்கலைக்கழக அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். 1974-75இல் தார்ப், கல்லிமோர் என்ற இரு உளவியலாளர்கள் மைதானத்தில் உட்கார்ந்து, பயிற்சியின்போது அவர் பேசியதை எல்லாம் குறித்துக்கொண்டார்கள். பாராட்டு ஏறக்குறைய 7 விழுக்காடு, கண்டிப்பும் ஏறக்குறைய அதே அளவு. முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவல். அதைப் படித்த அன்று நான் திருத்திய தாள்களை எடுத்துப் பார்த்தேன். தாளுக்குத் தாள் சிவப்பு மையில் "கவனம் தேவை", "நன்று", "முயற்சி போதாது". தகவல் எங்கே?

கூட்டல் உள்ள அடைப்பை வர்க்கப்படுத்தும்போது உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டிவிடுவது ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும் வரும் தவறு. "கவனம் தேவை" என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கவனமாகத்தான் எழுதியிருக்கிறது. இப்போது அந்த இடத்தில் "2, 3 போட்டுப் பார்" என்று எழுதுகிறேன். 2ஐயும் 3ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 25. தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4, 9 சேர்ந்து 13. தவறு தானாகவே தெரிந்துவிடும். நாற்பத்திரண்டு தாள்களில் இப்படி எழுத இரண்டு இரவுகள் ஆகின்றன. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்கும் ஆய்வுக் கூட்டங்களில் இதற்கெல்லாம் கணக்கில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் விடப்போவதில்லை.

அந்தத் தந்தையிடமும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மகனின் விடைத்தாளை எடுத்து விரித்தேன். "கழித்தல் குறிக்குப் பின்னால் அடைப்பு வந்தால் உள்ளே இருக்கும் குறியை மாற்ற மறந்துவிடுகிறான். நான்கு கணக்குகளில் இதே தவறு. இதில் மட்டும் 11 மதிப்பெண் போயிருக்கிறது. மற்ற வரிகள் எல்லாம் சரி" என்றேன். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இவனுக்குக் கணக்கே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் சார்" என்றார்.

பையன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "எந்த வரி சார்?" என்று கேட்டான்.