பொடியளின் போனைத் திட்டினால் கோயில் நிறையாது

டிக்டொக்கையும் ரீல்ஸையும் தலைமுடி வெட்டையும் ஞாயிறு பிரசங்கத்தில் திட்டித் தீர்த்தால் இளையோர் திருந்தி வந்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் இன்னும் பலர் நம்புகிறார்கள். வரமாட்டார்கள். திட்டு விழுகிற இடத்துக்கு யார் விரும்பிப் போவார்கள்? கலர் லைற்றும் டிரம்ஸும் வைத்து ஒரு கூட்டம் நடத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எதை ரசிக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று இரண்டு பகுதியினரும் கேட்பதில்லை.

சிலைகள் நிறைந்த ஏதென்ஸைக் கண்டு திருத்தூதர் பவுலுக்கு உள்ளம் கொதித்தது என்றுதான் விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் அந்த நகரத்தின் அரயோப்பாகு மன்றத்தில் பேச எழுந்தபோது அவர் அந்தக் கொதிப்பைக் கொட்டவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தபோது கண்ட பலிபீடத்தைப் பற்றிப் பேசித் தொடங்கினார். அவர்களுடைய கவிஞரின் வரியையே எடுத்துச் சொன்னார். பொடியள் கேட்கிற ஒரு பாட்டாவது எங்களில் எத்தனை பேருக்கு முழுதாகத் தெரியும்?

சனத்தின் கலையிலேயே விசுவாசத்தைச் சொல்வது எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் புனிதர்களின் கதைகளைச் சனத்திடம் கொண்டுபோனதில் கூத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் இரவிரவாகப் பழகி, விடிய விடிய ஆடிய கூத்து. 1965இல் திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பைத் தொடங்கிய குருவான மரியசேவியர் அடிகளும் பிரசங்கத்தோடு நிற்கவில்லை, நாடக மேடைக்குப் போனார்.

எங்கள் கோயில் பங்கில் ஒரு தம்பி, அப்பப்பா பாடிய கூத்துப் பாட்டைப் போனில் பதிந்து பீட் போட்டுக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் கிழவர் மூச்சு வாங்க, தாளம் தப்புகிறது. அந்த நாலைந்து செக்கனைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். மூச்சை வெட்டிவிடலாமே என்றேன். "இல்லையண்ணை, அது கிடக்கட்டும். அது இருந்தாத்தான் அப்பப்பா" என்றான். பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பீட்டைத்தான் நகர்த்தினான். எவ்வளவு பொறுமை, எவ்வளவு பாசம்! எத்தனை வீடுகளில் அந்தப் போனைச் சாத்தான் என்று பறித்து வைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. ஐஸ் என்கிற போதைப்பொருளும் வாள்வெட்டும் எங்கள் பிள்ளைகளைத் தின்கின்றன. அதை உரக்கச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கூட இருந்து பழகியவர் சொன்னால்தான் காதில் ஏறும்.

சரி, என்ன செய்யலாம்? வருகிற தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கிற வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஒன்றை இளையோரிடமே விடுவோம். 14 நிலைகளுக்கும் அவர்களே எழுதட்டும், அவர்களே இசை போடட்டும். வெளிநாடு போகத் துடிக்கிற மனமும், போதையில் தொலைந்த நண்பனும், படித்தும் வேலையில்லாத அக்காவும் அதற்குள் வரலாம். வந்தால் வெட்டாதீர்கள். பங்குத்தந்தையரோ மறைக்கல்வி ஆசிரியர்களோ யாராவது சம்மதம் என்றால் கீழே எழுதுங்கள், நானும் வந்து கூட நிற்கிறேன்.