யானையைத் தத்தெடுக்கிற ஊர் பாகனையும் சேர்த்துத் தத்தெடுக்கணும்

அடிபட்ட வேலை யானையை ஒரு ஊரே சேர்ந்து பாத்துக்குதுன்னு கேள்விப்பட்டா எனக்கும் சட்டுனு கண்ணு கலங்கிடும். ஆளாளுக்குத் தழை வெட்டிட்டு வர்றது, பெண்கள் குடம் குடமா தண்ணி ஊத்துறது, பசங்க பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அங்கதான் ஓடுறது, இதெல்லாம் நிஜமாவே பெரிய மனசு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா அடுத்த நிமிசமே மனசுல ஒரு கேள்வி வரும். அந்தப் பாகன் வீட்ல இன்னைக்கு அடுப்பு எரிஞ்சுதா?

ஏன்னா வேலை யானைக்குக் கால் போனா அன்னைக்கே பாகனுக்கும் வருமானம் போச்சு. காட்டுல வெட்டின மரத்தடியை இழுத்தாத்தான் கூலி, இல்லைன்னா ஒண்ணும் இல்ல. வளர்ந்த யானை ஒரு நாளைக்கு நூத்தம்பது கிலோவுக்குக் குறையாம சாப்பிடும், நூறு லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கும், வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் அதுல ஒரு கைப்பிடி குறைக்க முடியாது. முதல் பத்து நாள் ஊரே திரண்டு வரும். ரெண்டாவது மாசம் அவங்கவங்க வயலு, வேலைன்னு போயிடுவாங்க, அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. கடைசியில யானை பக்கத்துல நிக்கிறது அந்த ஒரு ஆளு மட்டும்தான்.

சில வருசம் முன்னாடி முதுமலைப் பக்கம் போயிருந்தப்ப ஒரு காட்சி பாத்தேன், இன்னும் மறக்கல. வயசான பெண் யானை, முன்னங்கால்ல நகத்துக்கு மேல சீழ்க்கட்டி. கொஞ்சம் தள்ளி நின்னுதான் பாத்துட்டிருந்தேன். பாகன் குந்தி உக்காந்து காலை லேசா தட்டினாரு, அது தானே காலைத் தூக்கி மரக்கட்டை மேல வச்சது. யானைத் தோல்ல ஒரு சிக்கல் இருக்காம், புண்ணு மேல சீக்கிரம் மூடிக்கும், உள்ள சீழ் அப்படியே நிக்கும், அதனால உள்ளருந்து ஆறி வர்ற வரைக்கும் புண்ணோட வாயை மூட விடாம தினமும் திறந்து கழுவணும். வெதுவெதுப்பான தண்ணி, அப்புறம் ஊதா கலர்ல பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணி, பெரிய சிரிஞ்சுல ஏத்தி உள்ள பீய்ச்சினாரு. நாத்தம் எனக்கே வந்துச்சு, அவரு மூஞ்சியைக் கூட சுளிக்கல. வலிச்சப்ப அது புஸ்ஸுனு மூச்சு விட்டுச்சு, அவரு கையை எடுத்துட்டு அவங்க பாஷைல ஏதோ சொன்னாரு, தும்பிக்கை நுனி அவரு தோள் மேல வந்து உக்காந்துச்சு, கொஞ்ச நேரம் அப்படியே ரெண்டு பேரும் இருந்தாங்க, மறுபடி ஆரம்பிச்சாரு. காவடி, அதாவது பாகனோட உதவியாளர், அடுத்த வாளியோட ரெடியா நின்னாரு. எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். போன மழைக்கு முன்னாடியிருந்துன்னாரு. நடுவுல லீவு எடுக்க மாட்டீங்களாண்ணேன்னு கேட்டதுக்கு, "நான் போயிட்டா அது யாருகிட்ட காலைத் தூக்கும்?"னு திருப்பிக் கேட்டாரு.

இந்தப் பதிவு எழுதுறதே அந்த ஒரு பதிலுக்காகத்தான். ஊரு மருந்து வாங்கலாம், தீவனம் கொடுக்கலாம், கால்நடை டாக்டரைக் கூட்டிட்டு வரலாம். ஆனா மூணு டன் உடம்பு வலியோட நிக்கிறப்ப கிட்ட போய் காலைத் தொடுறதுக்கு அது நம்புற ஆள் வேணும். யானையோட எடையில பாதிக்கு மேல, ஏறத்தாழ அறுபது சதவீதம், ரெண்டு முன்னங்காலும்தான் தாங்குது. ஒரு முன்னங்கால் போனா அந்தச் சுமையெல்லாம் இன்னொரு கால்ல இறங்கும், கவனிக்கலைன்னா அதுவும் கெட்டுப்போகும். ஒரேயடியா படுத்துட்டாலும் ஆபத்து, சொந்த எடையே தசையை நசுக்கும், மூச்சு விடக் கஷ்டப்படும். இன்னைக்கு எந்தப் பக்கம் சாயுது, லத்தி (சாணி) எப்படி இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது பாகன்தான்.

புண்ணு வந்த யானையைப் பாகன் வேலைக்கு ஓட்டிட்டுப் போறான், கல் நெஞ்சக்காரன்னு சுலபமா சொல்லிடுறோம். தாய்லாந்துல 1989ல காட்டுல மரம் வெட்டத் தடை போட்டாங்க, காட்டுக்கு நல்லதுதான், ஆனா தடி இழுத்த யானைகளும் பாகன்களும் வேலை இல்லாம நின்னாங்க. மோத்தலாங்கிற பெண் யானை 1999ல பர்மா எல்லைப் பக்கம் மரவேலைக்குப் போன இடத்துல கண்ணிவெடியை மிதிச்சு இடது முன்னங்கால் போச்சு. லம்பாங் யானை ஆஸ்பத்திரில வச்சுப் பாத்தாங்க, 2009ல செயற்கைக் கால் பொருத்தினாங்க. உலகமே அந்தக் காலைப் பாத்துச்சு, நானும் பாத்து அழுதேன். ஆனா உள்ளூர்ல வேலை இருந்திருந்தா யானைங்க ஏன் வெடி புதைச்ச எல்லைப் பக்கம் போகணும்?

நம்ம பக்கத்துக்கு வாங்க. 1998ல கூடலூர் பக்கம் பிடிச்ச மக்னா (தந்தம் இல்லாத ஆண் யானை), பல பேரைக் கொன்ன யானை, உடம்புல துப்பாக்கிக் குண்டுக் காயம். கால்நடை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி வைத்தியம் பாத்தாரு, அவரு பேரையே வச்சு மூர்த்தின்னு கூப்பிட்டாங்க. 2024ல சாகுற வரைக்கும் முதுமலை தெப்பக்காடு யானை முகாம்ல அமைதியா இருந்துச்சு. டாக்டரோட பேரு நிலைச்சது ரொம்ப நியாயம், கையெடுத்துக் கும்பிடணும். அந்த இருபத்தாறு வருசமும் தினம் குளிப்பாட்டி சோறு ஊட்டினவங்களையும் அதே மாதிரி நெனச்சுப் பாக்கணும். அதனாலதான் 2025 மே மாசம் தெப்பக்காட்டுல பாகன்களுக்கும் காவடிகளுக்கும் 44 வீடு கட்டித் திறந்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோசம். யானைக்கு வயசானா ஓய்வு, ரேஷன் எல்லாம் உண்டுன்னு இருக்கிற இடத்துல, அதை வளர்க்கிறவருக்கு ஒழுங்கான கூரை கிடைக்க இவ்வளவு நாள் ஆச்சுங்கிறது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

ஊரா சேர்ந்து யானையைப் பாத்துக்க நெனைக்கிறவங்க முதல்ல வனத்துறைக்குச் சொல்லிடுங்க. 1972 வனவிலங்கு சட்டத்துல யானை முதல் அட்டவணைல, அதாவது ரொம்பக் கடுமையான பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு, பாசம் இருக்குன்னு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்க, பட்டாசு வேண்டாம், பசங்க இஷ்டத்துக்குப் பழம் கொடுக்க வேண்டாம், பாகன் கொடுக்கச் சொன்னா கொடுக்கட்டும். இன்னொண்ணு, இதை அழுத்திச் சொல்றேன், கால் ஆறின கையோட "நம்ம யானைதானே"ன்னு ஊர்வலத்துக்குக் கூப்பிடாதீங்க. தார் ரோட்டுல ரெண்டு மணி நேரம் நடந்தா ஒரு வருச வைத்தியம் வீணாப் போயிடும். அப்ப முடியாதுன்னு சொல்ற தைரியம் பாகனுக்கு வரணும்னா அவரு சோத்துக்கு ஊரை அண்ணாந்து பாக்கிற நிலைமைல இருக்கக் கூடாது, மாசம் பொறந்தா சம்பளம் கையில இருக்கணும்.

வசூல் நோட்டு போடுவீங்கல்ல, அதுல முதல் வரில பாகன் சம்பளம், ரெண்டாவது வரில காவடி சம்பளம்னு எழுதிட்டு, தழைக் கணக்கை மூணாவது வரில ஆரம்பிங்க.