கருந்துளைப் படம்: பெயர் போடாமல் எடுக்கலாமா?

"விக்கிப்பீடியாவில் இருக்கும் அறிவியல் படங்களுக்குப் பதிப்புரிமையே கிடையாது, யார் பெயரையும் போடாமல் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில், கறுப்புப் பள்ளத்தைச் சுற்றி ஆரஞ்சு வளையம். விக்கிப்பீடியாவின் படங்கள் சேமித்து வைக்கப்படும் விக்கிமீடியா பொதுவகத்தில் அந்தப் படத்தின் மேல் சொடுக்கிக் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். ஆக்கியோர் என்ற இடத்தில் ஈவன்ட் ஹொரைசன் டெலஸ்கோப் கூட்டமைப்பின் பெயரும், உரிமம் என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 என்பதும் இருக்கும். பதிப்புரிமை அவர்களிடமே இருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பது அனுமதி. பாடநூலில் போடலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் ஆக்கியோர் பெயரைச் சொல்ல வேண்டும், உரிமத்துக்கு இணைப்பு தர வேண்டும், நிறத்தையோ அளவையோ மாற்றியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். உலகெங்கும் இருநூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து உழைத்த படம் அது. ஒரு வரி நன்றி சொல்வது பெரிய பாரமா?

சரி, நாசா படங்கள்? அவற்றுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லைதான். அந்த விதியை மற்ற எல்லாப் படங்களுக்கும் நீட்டியதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

அப்புறம் இன்னொன்று. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரையின் படங்களையெல்லாம் பொதுவகத்தில் ஏற்றிவிட முடியாது. "வணிக நோக்கின்றி மட்டும்" என்று உரிமத்தில் இருந்தால் பொதுவகம் ஏற்காது. ஏற்றும் முன் கட்டுரையின் உரிம வரியைப் படியுங்கள், படத்தின் அடிக்குறிப்பையும் சேர்த்து. வேறு இடத்திலிருந்து அனுமதி பெற்று எடுத்த படமென்றால் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.