மென்டரிங்னு சொல்லிட்டு டார்கெட் மீட்டிங் நடத்தாதீங்க ப்ளீஸ்

மும்பை செம்பூர்ல சின்னதா ஒரு பிசியோ கிளினிக் நடத்தறேன். மூணு பெட், ஒரு பேரலல் பார், ஞாயித்துக்கிழமை லீவு, அவ்ளோதான். பிபிடி, அதாவது பிசியோதெரபி டிகிரி முடிச்ச கையோட வர்ற பசங்க ஒருத்தர் ரெண்டு பேர் எப்பவும் கூட இருப்பாங்க, அதுல நெறைய பேர் நம்ம ஊர் பக்கம்தான், சேலம், நெல்லை, நாகர்கோவில்னு. இங்க வர்றதுக்கு முன்னாடி அவங்க வேலை பாத்த இடத்து கதையெல்லாம் கேட்டு கேட்டு ரொம்ப நாளா வயித்தெரிச்சலா இருக்கு, இன்னைக்கு எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன், நீளமாத்தான் போகும்.

இப்ப மும்பைல எந்த கிளினிக் வேலைக்கு ஆள் கேட்டாலும் "மென்டரிங் உண்டு"னு ஒரு வரி போட்டுடறாங்க. அது எதுக்குன்னா சம்பளத்தை கொறைக்கறதுக்கு. கேட்டா "நீ இங்க கத்துக்கறல்ல"ம்பாங்க. சரி, என்னதான் கத்து தர்றாங்கனு விசாரிச்சா, திங்கக்கிழமை காலைல ஒரு மீட்டிங், யாரு எத்தனை பேஷன்ட் பாத்தீங்க, எத்தனை பேரை இருபது சிட்டிங் (ஒரு தடவை வந்து ட்ரீட்மென்ட் எடுத்தா ஒரு சிட்டிங்) பேக்கேஜ் எடுக்க வெச்சீங்க, யாரு பாதில நின்னாங்க, நீ ஏன் சரியா பேசி நிறுத்தி வெக்கல. சேல்ஸ் டீமுக்கு நடக்கற மீட்டிங் இது. அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குரூப், டவுட் இருந்தா அதுல போடணுமாம், போட்டா ராத்திரி பதினோரு மணிக்கு சார் ஒரு கட்டைவிரலை தூக்கி காட்டுவாரு. முடிஞ்சுது மென்டரிங்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஜூனியர் பேஷன்ட் பாக்கும்போது சீனியர் அதே ரூம்ல உக்காந்து பாக்கணும். அதுக்கு ஈடா வேற எதுவும் கிடையாது. அந்த நேரத்துல சீனியரால தன்னோட பேஷன்ட்டை பாக்க முடியாது, அந்த காசு வராது, அந்த நஷ்டம் கிளினிக்கோட நஷ்டமா இருக்கணும், ஜூனியர் சம்பளத்துலேர்ந்து எடுக்கக்கூடாது. இதுக்கு மனசு வரலைன்னா விளம்பரத்துலேர்ந்து அந்த வரியை எடுத்துடுங்க, யாரும் கேக்கப்போறதில்ல.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா தனியார் கிளினிக்ல தானா எதுவும் ஒட்டிக்காது. இந்தியால பிசியோதெரபி படிப்பு ஆரம்பிச்சதே இந்த ஊர்லதான், பரேல் கேஈஎம் ஆஸ்பத்திரில, 1950கள் தொடக்கத்துல, போலியோ பரவின காலத்துல, உலக சுகாதார நிறுவனத்தோட உதவியோட. அந்த மாதிரி முனிசிபல் ஆஸ்பத்திரில ஒரே பெரிய ஹால்தான் இருக்கும், பக்கத்து பெட்ல சீனியர் பேஷன்ட்கிட்ட என்ன கேக்கறாங்க, எப்படி திட்டறாங்க, எங்க கை வெக்கறாங்க எல்லாம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும், வர்ற பேஷன்ட்டையும் ஆர்த்தோ டாக்டரோ நியூரோ டாக்டரோ ஏற்கனவே பாத்து எழுதி அனுப்பிருப்பாங்க. கிளினிக்ல அப்படி இல்ல. திரையை இழுத்து மூடிட்டா உள்ள ஜூனியரும் பேஷன்ட்டும் மட்டும்தான். பேஷன்ட் எந்த டாக்டரையும் பாக்காம நேரா ரோட்டுலேர்ந்து ஏறி வந்திருப்பாரு, காசு கட்டியிருப்பாரு, இன்னைக்கே வித்தியாசம் தெரியணும்னு எதிர்பார்ப்பாரு. நாலு வருஷம் படிப்பு, ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் முடிச்ச இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு பிள்ளை அங்க தனியா நிக்குது. 2025ல வந்த புது பாடத்திட்டத்துல இன்டர்ன்ஷிப்பை ஒரு வருஷமா ஆக்கியிருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா அந்த திரைக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லைங்கறது அதனால மாறாது.

தனியா நின்னா பசங்க என்ன பண்ணுவாங்க, மெஷின்கிட்ட ஓடுவாங்க. ஐஎஃப்டிங்கற கரண்ட் மெஷின் கொஞ்ச நேரம், அல்ட்ராசவுண்ட் கொஞ்ச நேரம், ஹாட் பேக். பேஷன்ட்டும் "கரண்ட் வெச்சு விடும்மா"னு கேட்டுக்கிட்டேதான் வர்றாங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி. இதை சோம்பேறித்தனம்னு திட்டற சீனியர்ஸ் நெறைய பேரை பாத்திருக்கேன், எனக்கு அது பயம்னுதான் தோணுது. மெஷின் ஓடற நேரம் யாரும் கேள்வி கேக்கமாட்டாங்கல்ல.

எங்க கிளினிக்ல என்ன நடக்கும்னு சொல்றேன், இது பெரிய சீக்ரெட் இல்ல. புது பேஷன்ட் உள்ள வர்றதுக்கு முன்னாடி ஃபார்ம்ல இருக்கறதை மட்டும் வெச்சு ஜூனியர் ரெண்டு யூகம் சொல்லணும், எதை பாத்தா அந்த யூகத்தை மாத்திப்பேன்னும் சொல்லணும். தப்பா இருந்தா பரவால்ல. அப்புறம் நான் பேஷன்ட்கிட்ட "இவங்கதான் உங்களை பாப்பாங்க, நானும் கூட இருப்பேன்"னு சொல்லிட்டு ஓரமா ஸ்டூல்ல உக்காந்துடுவேன். வாயை தொறக்கமாட்டேன். இதுதான் இருக்கறதுலயே கஷ்டம், உள்ளுக்குள்ள "சுகர் இருக்கானு கேளு, சுகர் இருக்கானு கேளு"னு கத்திக்கிட்டிருப்பேன், ஏன்னா எதிர்ல ஐம்பது வயசு அம்மா, தோளை தூக்க முடியல, கையை பின்னாடி கொண்டுபோக முடியல, ஃப்ரோசன் ஷோல்டரும் சர்க்கரையும் சேந்தே வரும்னு புக்குல படிச்ச பிள்ளைதான் அது, ஆனா பதட்டத்துல கேக்காது. முடிச்சு வெளிய வந்ததும் ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுவோம். பத்து தப்பை சொன்னா மறுநாள் அந்தப் பிள்ளை கையே நீட்டாது.

இன்னொண்ணு, அளந்து வெச்சுக்கோனு சொல்லுவேன். ஒரே ஒரு அசைவு, கோனியோமீட்டர்ல (மூட்டு எவ்ளோ மடங்குதுனு அளக்கற கருவி) பாத்து எழுதிக்கோ, ட்ரீட்மென்ட் முடிஞ்சதும் மறுபடி அதையே பாரு. ஏறியிருந்தா பேஷன்ட்டே பாப்பாரு. ஏறலைன்னா நீ யோசி. "கொஞ்சம் பெட்டரா இருக்கா ஆன்ட்டி"னு கேட்டா, உன் மூஞ்சி வாடிடக்கூடாதுனே ஆமாம்மானு சொல்லிடுவாங்க, நம்ம ஊர் அம்மாக்கள் அப்படித்தான்.

டிரைவிங் ஸ்கூல் கார்ல பக்கத்து சீட்காரர் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும்ல, ஸ்டூல்ல உக்காந்திருக்கறது அதுக்காகவும்தான். இடுப்பு வலின்னு வர்றாரு, தொடைக்கு நடுவுல மரத்துப்போச்சுங்கறாரு, யூரின் வரமாட்டேங்குதுங்கறாரு, அன்னைக்கே எமர்ஜென்சிக்கு அனுப்பணும். முட்டி ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருந்தா அதை பிடிச்சு விடக்கூடாது, ரத்தக்கட்டி இருக்கானு பாக்க அனுப்பணும். ஒரு தடவை எங்க ஜூனியர் பொண்ணு பாதி அசெஸ்மென்ட்ல நிறுத்திட்டு என்னை திரும்பி பாத்தா. முதுகெலும்புல ஒரு இடத்துல லேசா தட்டினாலே பேஷன்ட் துள்றாங்க, சாயந்திரமானா காய்ச்சல், எடை வேற கொறைஞ்சிருக்கு. அன்னைக்கு ட்ரீட்மென்ட் எதுவும் பண்ணல, லெட்டர் எழுதி அனுப்பினோம், முதுகெலும்பு டிபினு ரிசல்ட் வந்துச்சு. இந்த ஊர்ல டிபி எவ்ளோ இருக்குனு எல்லாருக்கும் தெரியும். சிட்டிங் டார்கெட் தலைக்கு மேல தொங்கற இடத்துல அந்தப் பொண்ணு இருந்திருந்தா அன்னைக்கு ஹாட் பேக் வெச்சு பேக்கேஜ் போட வெச்சிருப்பாங்க.

அப்புறம் எம்ஆர்ஐ ரிப்போர்ட். பிகேசி, பவாய் மாதிரி ஆபீஸ் ஏரியால வேலை பாக்கற முப்பது வயசு பையன் கவரோட வருவான், "டிஸ்க் பல்ஜ்"னு, அதாவது முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் கொஞ்சம் வெளிய பிதுங்கியிருக்குனு போட்டிருக்கும், தன் முதுகே உடைஞ்சுபோச்சுனு நெனச்சுட்டு வந்திருப்பான். ஜூனியர் அதை வாங்கி சத்தமா படிச்சு, குனியாதீங்க, தூக்காதீங்க, கீழ உக்காராதீங்கனு அடுக்குவாங்க. 2015ல ஒரு பெரிய ரிவ்யூ வந்துச்சு, முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேல ஆளுங்களோட ஸ்கேன்களை தொகுத்து பாத்தாங்க. இருபது வயசுல இருக்கறவங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ், எண்பது வயசுல 84 சதவீதம். வலியே இல்லாதவங்களுக்கு! இந்த நம்பர் எல்லா ஜூனியருக்கும் தெரியும், பரீட்சைக்கு எழுதுவாங்க. எதிர்ல பயந்து உக்காந்திருக்கற ஆள்கிட்ட, "அப்போ என் வலி பொய்யா"னு அவன் கோவப்படாத மாதிரி அதை எப்படி சொல்றதுங்கறதுதான் பாடம், அதை பிபிடில சொல்லித் தரமாட்டாங்க, வாய் விட்டு பேசிப் பழகணும், அதுவும் ஹிந்திலயும் மராத்திலயும். சேலத்துலேர்ந்து வந்த பிள்ளைக்கு மொதல் மாசம் அழுகையே வந்துடும்.

ஹோம் விசிட் பத்தி யாருமே பேசறதில்ல. மாட்டுங்கால லிஃப்ட் இல்லாத பழைய பில்டிங், மூணாவது மாடி, ரெண்டு முட்டியும் மாத்தின மாமி, ஹால்ல ஊஞ்சல், பாத்ரூம்ல ஒரு படி ஏத்தம். கிளினிக்ல சொல்லித் தர்ற எக்சர்சைஸ் பாதி அங்க ஓடாது, அந்த ஒரு படியை எப்படி ஏறி இறங்கறாங்கங்கறதுதான் அங்க ட்ரீட்மென்ட். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தெரியாத வீட்டுக்குள்ள வயசுப் பொண்ணை தனியா அனுப்பறோம். கதவை சாத்தறவங்க இருக்காங்க, தேவையில்லாத இடத்துல வலிக்குதுங்கறவங்க இருக்காங்க, ராத்திரி மெசேஜ் பண்றவங்க இருக்காங்க. எங்ககிட்ட ரூல் என்னன்னா மொதல் விசிட் ரெண்டு பேரா போகணும், வீட்ல வேற யாராவது இருக்கணும், சரியில்லைனு தோணுச்சுனா பையை எடுத்துட்டு வந்துடணும், எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்ல, அந்த பேஷன்ட்கிட்ட நான் பேசி காசை திருப்பி குடுத்துப்பேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, நல்ல பார்ட்டி"னு சொன்ன முதலாளிகளை பத்தி பசங்க வந்து சொல்லும்போது காது கூசுது. ஹார்பர் லைன் ட்ரெயின்ல நசுங்கிப் போய்ட்டு வர்ற நேரமும் வேலை நேரம்தான்ங்கறதையும் இங்கேயே சொல்லிடறேன்.

சரி, ஜூனியர்ஸையும் ரெண்டு வார்த்தை திட்டணும். வர்ற சம்பளத்துல பாதியை வீக்எண்ட் கோர்ஸ்ல கொட்டாதீங்கப்பா. ட்ரை நீட்லிங், கப்பிங், டேப்பிங்னு சுவத்துல சர்டிபிகேட் வரிசையா தொங்குது, ஒரு முட்டி வலிக்காரருக்கு இந்த வாரம் எத்தனை ஸ்குவாட், அடுத்த வாரம் எவ்ளோ ஏத்தறதுனு கேட்டா முழிக்கறீங்க. கழுத்தை பட்டுனு திருப்பி சத்தம் வர வெக்கற ரீல்ஸ் பாத்துட்டு மேடம் நானும் செய்யட்டுமானு கேக்கறாங்க. கழுத்துல ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து அபூர்வம்தான், ஆனா இருக்கு, வ்யூஸுக்காக செய்யற வேலையா அது. 2025 செப்டம்பர்ல பிசியோக்கள் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடலாமா கூடாதானு மத்திய சுகாதாரத்துறைலேர்ந்து ஒரு லெட்டர் வந்து, வந்த வேகத்துல வாபஸ் ஆச்சே, அந்த வாரம் பூரா எல்லா குரூப்லயும் அதே சண்டை. அதுல பத்துல ஒரு பங்கு வேகம் சம்பளத்தை பத்தி பேசறதுல காட்டுங்க.

காசு விஷயத்துக்கு வர்றேன். சிட்டிங்குக்கு இத்தனை பர்சென்ட்னு சம்பளம் குடுத்தா ஜூனியர் என்ன கத்துக்குவாங்க, பேஷன்ட்டை எப்படி விடாம வெச்சுக்கறதுனுதான். பேஷன்ட் அனுப்பற டாக்டருக்கு கட் போற இடத்துல இன்னும் மோசம், அந்த கட்டும் சிட்டிங் எண்ணிக்கைலேர்ந்துதான் வரணும். "நீங்க இனிமே வர வேண்டாம், இந்த ரெண்டு எக்சர்சைஸை வீட்லயே பண்ணுங்க, மறுபடி வலிச்சா போன் பண்ணுங்க"னு ஒரு பிசியோ சொல்லக் கத்துக்கறதுதான் இந்த தொழில்ல பெரிய பாடம்னு நெனைக்கறேன், அதை சொன்னா தன் சம்பளம் கொறையும்ங்கற நெலமைல யாரு சொல்லுவா. எங்ககிட்ட ஃபிக்சட் சம்பளம்தான். பெரிய தொகை ஒண்ணும் இல்ல, அதையும் சொல்லிடறேன், செம்பூர் பிஜி வாடகைக்கு அது பத்தாதுனு எனக்கே தெரியும்.

இன்டர்வியூக்கு மும்பை வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு: மகாராஷ்ட்ரா பிசியோ கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாம இங்க பேஷன்ட் பாக்கக்கூடாது, தமிழ்நாட்டு டிகிரியா இருந்தாலும் இங்க தனியா பண்ணணும், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நாளைக்கே ஜாயின் பண்ணு"ங்கற இடத்துக்கு போகாதீங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுப்போம், பாண்ட் எழுதணும்னா எழுந்து வந்துடுங்க. மென்டரிங்னு சொன்னாங்கன்னா, யாரு, என்னைக்கு, எந்த நேரம், அந்த நேரத்துல அவங்களுக்கு வேற அப்பாயின்ட்மென்ட் இருக்கானு கேளுங்க. தடுமாறினா தெரிஞ்சுடும்.

ஓனர்கள் இதுக்கு என்ன சொல்லுவாங்கனு எனக்கு மனப்பாடம். "இவ்ளோ சொல்லிக் குடுத்தா ஒரு வருஷத்துல பக்கத்து தெருவுல போர்டு மாட்டிடுவாங்க." ஆமா, மாட்டுவாங்க. எங்ககிட்ட இருந்த ஒரு பொண்ணு காட்கோபர்ல தனியா வெச்சிருக்கு, அந்த பக்கத்துலேர்ந்து ரெண்டு ட்ரெயின் மாறி எங்ககிட்ட வந்துட்டிருந்த வயசானவங்களை இப்ப நான் அங்கதான் அனுப்பறேன், ஸ்ட்ரோக் கேஸ் கொஞ்சம் சிக்கலா இருந்தா அவ எனக்கு போன் பண்றா, பேசறோம். அவ ஒரு ஜூனியரை எடுத்திருக்காளாம், செவ்வாய் மத்தியானம் அப்பாயின்ட்மென்ட் எடுக்கறதில்லையாம், வருமானம் அடிவாங்குது அக்கானு போன வாரம்தான் புலம்பினா.