தெவானிமா திரும்பிப் போன ஊர்

லூயி தெவானிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார், அப்புறம் ஊருக்குப் போய் ஆடு மேய்த்தார், சோளம் விதைத்தார். அந்த 'அப்புறம்' என்ற சொல்லில் ஓர் 'ஐயோ பாவம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏதோ பெரிய இடத்துக்குப் போய்ச் சறுக்கி விழுந்துவிட்டது போல. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

அவர் ஹோபி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், உச்சி தட்டையான குன்றுகளின் மேல் இருக்கின்றன அவர்களுடைய பழைய ஊர்கள். வருஷத்துக்கு 25 செ.மீ. மழை பெய்தாலே பெரிய விஷயம். வாய்க்கால் பாசனம் இல்லாமல் மழையை மட்டும் நம்பி மக்காச்சோளம் போடுகிறார்கள். கூரான குச்சியால் ஆழமாகக் குழி தோண்டி, அடியில் ஈரம் தட்டுகிற இடத்தில் விதையை வைக்கிறார்கள். மேகம் வந்தால்தான் சோறு.

அங்கே ஓட்டம் மழையோடு சேர்ந்தது. ஓடுகிறவர்கள் வேகமாக வந்தால் மேகமும் வேகமாக வரும் என்பது நம்பிக்கை. விடியும் நேரத்தில் கீழே சமவெளியில் கிளம்பி, பாறைத் தடத்தில் ஏறி ஊருக்குள் வருவார்கள். சில சடங்கு ஓட்டங்களில் முதலில் வருகிறவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர். அவர் அதைத் தன் வயலுக்குக் கொண்டுபோவார். அவ்வளவுதான். மழை வந்தால் கடைசியாக வந்தவன் வயலிலும் சேர்த்துத்தானே பெய்யும்!

(சடங்குகளில் பல வெளியாட்களுக்கு மூடியவை. ஊருக்குள் படம் எடுக்கவும் தடை. அது அவர்கள் உரிமை. வெளியே தெரிந்த அளவோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.)

இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் 1907-இல் தெவானிமாவை வேறு சில ஹோபி ஆண்களோடு பிடித்து, பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, மொழியை மறக்கடித்து, 'நாகரிகம்' கற்றுத்தர அரசு நடத்திய பள்ளி அது. அங்கே போன பிறகு இவர் ஓடுவதைக் கண்டுகொண்டார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் ஒன்பதாவது. நான்கு வருஷம் கழித்து அந்த வெள்ளி. அதன் பிறகு 52 வருஷம் வேறெந்த அமெரிக்கரும் ஒலிம்பிக் 10,000 மீட்டரில் பதக்கம் வாங்கவில்லை. 1964-இல் டோக்கியோவில் தங்கம் வாங்கி அந்த இடைவெளியை முடித்த பில்லி மில்ஸும் ஒரு பழங்குடிதான், லக்கோட்டா. பழங்குடிகள் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை தரும் சட்டம் வந்ததே 1924-இல்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கைதி போலக் கொண்டுபோன ஒருவரை அந்த நாட்டுக்காகவே ஓட வைத்திருக்கிறார்கள்.

ஹோபியாக இருக்காதே என்று சொல்லத்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வந்து ஹோபியாகவே வாழ்ந்தார். ஆடு, சோளம், சடங்குப் பொறுப்புகள் என்று அரை நூற்றாண்டுக்கு மேல். இதைச் சறுக்கல் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? என் கணக்கில் ஸ்டாக்ஹோம்தான் இடையில் வந்த இடைஞ்சல். 1969 ஜனவரியில், எண்பது வயதை ஒட்டிய கிழவர், ஒரு சடங்குக்குப் போய்விட்டு இரவில் வீடு திரும்பும்போது இருட்டில் வழி தவறிக் குன்றின் விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். கடைசி நாள் வரை அவர் நடந்தது அந்தத் தடங்களில்தான். இப்போது வருஷாவருஷம் அவர் பெயரில் அங்கே ஓட்டம் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹோபி ஊர்கள் இருக்கும் பகுதியிலுள்ள பிளாக் மேசா மேட்டுநிலத்தில் வெட்டிய நிலக்கரியைத் தூளாக்கி, நிலத்தடி நீரில் கலந்து, சுமார் 440 கி.மீ. குழாய் வழியே நெவாடா மின்நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாலைவனத்தில், குடிக்கிற தண்ணீரில்! ஊற்றுகள் வற்றுகின்றன என்று ஹோபி மக்கள் பல வருஷம் முறையிட்டார்கள். 2005 கடைசியில்தான் அது நின்றது. அடுத்த மார்ச்சில் மெக்சிகோ நகரத்தில் உலகத் தண்ணீர் மாநாடு. ஹோபி ஓட்டக்காரர்கள் மோயன்கோபி என்ற தங்கள் ஊரிலிருந்து அங்கே வரைக்கும், சுமார் 3,000 கி.மீ., மாற்றி மாற்றி ஓடியே போனார்கள். வழியெல்லாம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே போனது, சுரைக்குடுக்கையில் ஊற்றுத் தண்ணீர்.