அந்தப் பிள்ளையின் சிரிப்பில் என்ன குறை கண்டீர்கள்?

மூன்று நாள்களாக எல்லோர் கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எந்தக் காணொளி, யார் எடுத்தது என்றெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். சிலர் சிரிப்புப் பொம்மைகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். நேற்றுக் காலை என் வகுப்பறையில் நடந்த ஒன்றுதான் இதை எழுத வைக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு நாள் சுற்றுலாவாக நீலகிரிக்கு வந்த ஒருவர் நம் சிறிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் கேமராவோடு நுழைகிறார். ராட்டினத்தின் கம்பியில் பிடித்த துருவையும், சாயம் வெளுத்த மரக்குதிரையையும், கிழிந்த இருக்கை உறையையும் கிட்டத்தில் காட்டுகிறார். நடுநடுவே, தாம் சிங்கப்பூரிலும் துபாயிலும் பார்த்த பெரிய பூங்காக்களின் காட்சிகளை ஒட்டி வைத்திருக்கிறார். "இதுக்கெல்லாம் டிக்கெட் வேறயா?" என்று கேட்கிறார். அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். நாற்பதாவது விநாடியில், குடை ராட்டினத்தில் சுற்றியபடி வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு சிறுமியின் முகத்தை அப்படியே நிறுத்தி, "பாவம், வேற எதையும் பார்த்ததில்ல போல" என்கிறார். அதன் கீழே நம் ஊர்க்காரர்களே, "உண்மைதானே, வொண்டர்லா மாதிரிப் பெரிய பூங்காவைப் பார்த்தவன் இங்கே எதற்குப் போவான்?" என்று எழுதியிருந்ததுதான் எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெரிய பூங்காவையும் உள்ளூர்ப் பூங்காவையும் தாராளமாக ஒப்பிடலாம். ஆனால், அந்த ஊர்ப் பிள்ளைகள் மறுபடியும் போக முடிகிற இடம் எது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் உயரத்தையும் வேகத்தையும் வண்ண விளக்குகளையும் மட்டும் எண்ணிப் பார்ப்பவர், ஒப்பிட வேண்டியதில் பாதியை விட்டுவிடுகிறார்.

பெரிய பூங்காக்களின் மேல் எனக்குப் பொறாமை என்று உடனே சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டில் அப்படி ஒரு பூங்காவுக்குப் போயிருக்கிறேன், வியந்துதான் பார்த்தேன். தரையில் ஒரு காகிதத் துண்டைக்கூடக் காண முடியவில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு முதியவரை ஊழியர்கள் எவ்வளவு பொறுமையாகப் படகில் ஏற்றினார்கள் என்பது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் 1959ஆம் ஆண்டிலேயே, ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் போல 147 அடி உயரத்துக்கு ஒரு செயற்கை மலையைக் கட்டி, அதற்குள் எஃகுக் குழாய்த் தண்டவாளத்தில் வண்டிகளை ஓடவிட்டார்கள். குழாய்த் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். பிள்ளைகளுக்காக ஒரு மலையையே கட்டிக்கொடுத்த அந்த உழைப்பை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் அதே பயணத்தில் ஒரே ஒரு சவாரிக்காக நாங்கள் 110 நிமிடம் வரிசையில் நின்றோம். கூடுதல் பணம் கட்டியவர்கள் பக்கத்து வழியில் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். தம்பி மகன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அவங்க மட்டும் ஏன் நிக்காம போறாங்க?" என்று கேட்டான். பணம் கட்டினால் முந்திப் போகலாம் என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பூங்காவில் வைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டிஸ்னி பூங்காக்களில் 1999இல் தொடங்கியபோது இந்த முன்வரிசை வசதி எல்லோருக்கும் இலவசமாகத்தான் இருந்தது. அமெரிக்கப் பூங்காக்களில் 2021இல் அதையும் காசுக்கு விற்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊர் ராட்டினத்தில் முதலில் வந்தவர் முதலில் ஏறுகிறார். எஸ்டேட் முதலாளியின் பேரனும், இலை பறிப்பவரின் மகளும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

"டிக்கெட் வேறயா" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சவாரிக்குச் சவாரி தனிச்சீட்டு வாங்குவது சந்தைக்கடை வழக்கம் என்று அந்தக் காணொளியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். 1955இல் திறந்த டிஸ்னிலாந்தில் நுழைவுக்கு ஒரு கட்டணமும், சவாரிகளுக்குத் தனிச் சீட்டுகளும்தான் இருந்தன. ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகங்கள் அங்கே 1982 வரை நடைமுறையில் இருந்தன. கையில் இருக்கும் காசுக்கு இரண்டு சவாரி மட்டும் போய்விட்டு நிறைவாக வீடு திரும்பலாம் என்ற வசதியைத்தான் அந்தச் சின்னச் சீட்டு தருகிறது. பெரிய பூங்காக்களில் ஒருவருக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும் ஒரே சீட்டில் அந்த வசதி கிடையாது. மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024இல் மலைப்பகுதிகளுக்கும் வந்த பிறகு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்கு வருவதை நான் என் கண்ணால் பார்க்கிறேன். போன மாதம் வந்தவர்கள் இந்த மாதமும் வருகிறார்கள். மறுபடியும் போக முடிகிற இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வால்ட் டிஸ்னிக்கு டிஸ்னிலாந்து எண்ணம் எங்கே தோன்றியது என்பதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில், தம் இரு மகள்களையும் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, ஒரு பெஞ்சில் தனியே உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்குப் போய், 1843 முதல் நகரின் நடுவிலேயே நடந்துவரும் திவோலி பூங்காவைப் பார்த்துப் பாடம் கற்றார். உலகமே வியக்கும் அந்தப் பெரிய பூங்காவுக்கு வித்து ஓர் உள்ளூர்க் குடை ராட்டினம். அப்படிப்பட்ட ஒரு குடை ராட்டினத்தின் முன் நின்றுகொண்டுதான் நம் விருந்தாளி முகம் சுளித்தார்.

என் அப்பா கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். ஆண்டுக்கு ஒரு நாள், மே மாதத்தில், எங்களை ஊட்டிக்கு அழைத்துப் போவார். மலர்க் காட்சி பார்த்துவிட்டு, அங்கே லாரிகளில் வந்து இறங்கியிருக்கும் பெரிய ராட்டினத்துக்குப் போவோம். அப்போதெல்லாம் மதியம் மூன்று மணிக்கு மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும். பெட்டிகளெல்லாம் நனைந்து நிற்கும். ராட்டினக்காரர் ஒவ்வோர் இருக்கையாகச் சாக்கால் துடைத்து, கொண்டியை மாட்டி, கையால் இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வரிசையில் முதலில் நின்றவரை ஒரு பெட்டியில் ஏற்றியதும், சக்கரத்தைப் பாதி சுற்றி, அதற்கு நேர் எதிர்ப்பெட்டியில் அடுத்த ஆளை ஏற்றுவார்; ஒரு பக்கம் மட்டும் கனம் சேர்ந்தால் சக்கரம் இழுத்துக்கொள்ளும் என்பதால் அப்படி. ஒரு முறை எங்கள் எதிரே தடித்த இரண்டு பெண்கள் ஏறிவிட, அவர் எங்களைப் பார்த்து, "அண்ணே, நீங்க பாப்பாவோட சேர்ந்து ஏறுங்க, கனம் பத்தல" என்றார். அப்பா அதுவரை ஒரு முறைகூட ஏறியதில்லை. ஒரு சீட்டை மிச்சப்படுத்துவதற்காகக் கீழேயே நின்றுவிடுவார். அன்று காசு வாங்காமல் அவரை ஏற்றினார்கள். உச்சியில் சக்கரம் நின்றபோது சுற்றிலும் மஞ்சைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அப்பாவின் சட்டையில் வாட்டிய இலையின் வாடை. அவர் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். பயந்தது நானா அவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சக்கரத்தின் துருவைத்தான் ஒருவர் கிட்டத்தில் காட்டிச் சிரிக்க வைக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். துரு பிடித்த கம்பியை மாற்ற வேண்டும், கிழிந்த உறையை மாற்ற வேண்டும், தினமும் காலையில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளை ஏற்ற வேண்டும், உயரம் அளக்கும் கோலை வெறும் அலங்காரமாக நட்டுவைக்கக் கூடாது. இதில் எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் சின்னது என்றாலே ஆபத்து, பெரியது என்றாலே பத்திரம் என்று பேசாதீர்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் என்ற புகழ்பெற்ற பூங்காவில் 2015 ஜூன் மாதம், ரோலர் கோஸ்டர் பாதையில் ஆளில்லாமல் நின்றுபோயிருந்த வண்டியின்மீது ஆட்களோடு வந்த வண்டி மோதி, இரண்டு இளம்பெண்களுக்குக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆட்கள் இருந்த வண்டியைக் கணினி நிறுத்தி வைத்திருந்தது. பாதையில் வேறு வண்டி இல்லை என்று நினைத்து மனிதர்கள்தாம் அந்தத் தடையை நீக்கி ஓடவிட்டார்கள். கொண்டியை இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் கை எங்கும் வேண்டும். உண்மையிலேயே அக்கறை இருந்திருந்தால், அந்த நண்பர் துருவைப் படம் எடுத்து நகராட்சிக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ அனுப்பியிருப்பார். அதற்குப் பின்னணி இசை தேவைப்பட்டிருக்காது.

ஏழ்மையை அழகாக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு தோழி தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். இது என்னை மிகவும் புண்படுத்தியது. நான் லைன் வீட்டில் வளர்ந்தவள். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் இடங்களிலெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டுப் படித்தவள். ஏழ்மை அழகு என்று நான் எங்கே சொன்னேன்? இலை பறிக்கும் இருவர் தங்கள் இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கி, பேருந்து மாறி, பெரிய பூங்கா ஒன்றுக்குப் போய்வர எத்தனை நாள் கூலி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் அங்கேயும் போகட்டும். போய்ப் பார்த்து வாய் பிளக்கட்டும். அதற்காக இங்கே இருப்பதை இடித்துத் தள்ள வேண்டுமா?

இடிக்கத்தான் வேண்டும், அந்த இடத்தில் வொண்டர்லா மாதிரி ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். பெங்களூருக்கு அருகே உள்ள வொண்டர்லா 82 ஏக்கர். நீலகிரியில் அத்தனை ஏக்கரைச் சமப்படுத்த எந்த மலைச்சரிவை வெட்டப் போகிறீர்கள்? 2009 நவம்பர் மண்சரிவில் ஒரே வாரத்தில் எத்தனை வீடுகள் மண்ணுக்குள் போயின என்பதை மறந்துவிட்டீர்களா? வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்த பிறகும், 2025 கோடையில் வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று கணக்கு வைத்துத்தான் மலை ஏறவிட்டார்கள். இங்கே போடப்படும் ஒவ்வொரு திட்டமும் ஏறி வருகிறவர்களை எண்ணித்தான் போடப்படுகிறது. மே மாதம் முழுக்கத் தாவரவியல் பூங்காவும் படகு இல்லமும் வெளியூர்க்காரர்களால் நிரம்பி வழியும்போது, இந்த மலையில் பிறந்த பிள்ளை எங்கே போய் விளையாடும் என்று யாராவது ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார்களா? எங்கள் பிள்ளைகளுக்கு மலை இருக்கிறது. விளையாட இடம்தான் இல்லை. இருக்கும் ஒரே சின்ன இடத்தையும் கேலி செய்து மூட வைத்துவிட்டால், அப்புறம் அவர்கள் எங்கே போவார்கள்?

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். நாற்பதாவது விநாடியில் வரும் அந்தச் சிறுமி என்னிடம் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம், பிறந்தநாளுக்காக அம்மாவும் பாட்டியும் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் வகுப்பில் குடை ராட்டினத்தைப் படமாக வரைந்து, குதிரைகளுக்கு அவளே வண்ணம் அடித்துக் கொண்டுவந்து காட்டினாள். நேற்று முதல் மணி முடிந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பேசியில் காட்டினாராம். "டீச்சர், அது நல்ல ராட்டினம் இல்லையா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள். நல்ல ராட்டினம்தான் என்று சொன்னேன். "அப்ப ஏன் டீச்சர் என்னைப் பாவம்னு சொன்னாங்க?" என்றாள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்தைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

காணொளியை எடுத்தவர் இந்தப் பதிவைப் பார்ப்பாரா என்று தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். பூங்காவைப் பற்றிய உங்கள் கருத்து உங்களோடு இருக்கட்டும். அவள் முகம் வரும் அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிடுங்கள். இன்று மாலை அவள் அம்மா பள்ளிக்கு வந்து, இதை உங்களிடம் கேட்கச் சொன்னார்.